38 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள்: விளையாட்டும் ஊர்ப்பணியும் எப்போது பாடமாகின்றன?

ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து 38 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள் என்றிருக்கும் ஒரு தொடக்கப்பள்ளியில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் நீங்கள் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். விளையாட்டின் வழியே கற்பிக்கச் சொல்லிப் பயிற்சிகளில் வலியுறுத்துகிறார்கள்; ஆனால் "வீட்டில்தான் ஓயாத விளையாட்டு என்றால் பள்ளிக்கூடத்திலுமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள், அவர்களுக்கு என்ன விடை சொல்வது என்பது முதல் கேள்வி. ஊர் மக்களோடு சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சிகளால் பாடவேளை கரைகிறதே தவிரப் பிள்ளைகள் எதையும் கற்றதாகத் தெரியவில்லையே என்பது இரண்டாவது. பள்ளி இவ்வளவு சிறியதாக இருப்பது இவற்றுக்கு உதவியா இடையூறா என்பது மூன்றாவது. இத்தகைய பள்ளிகளில் நெடுநாள் பணியாற்றியவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. நடக்கும் செயலில் முடிவெடுப்பது யார்? பிள்ளைகள் வட்டமாக அமர்ந்திருக்க, பாட்டு ஒலிக்க, அட்டைகள் கைமாறிக்கொண்டே போக, பாட்டு நின்றதும் கையில் அட்டை வைத்திருப்பவர் அதிலுள்ள சொல்லை வாசிக்க வேண்டும் என்றொரு செயல்பாட்டைப் பல பள்ளிகளில் பார்த்திருப்பீர்கள். அது பயனுள்ள பயிற்சிதான். பிள்ளைகளுக்குப் பிடிக்கவும் செய்கிறது. ஆனால் அதில் பிள்ளை தீர்மானிப்பதற்கு ஒன்றுமே இல்லை. எந்தச் சொல், யாருக்கு, எப்போது என்பதெல்லாம் பாட்டை நிறுத்துபவரின் விருப்பம். விளையாட்டு உடை மாட்டிவிட்ட வாசிப்புப் பயிற்சி என்று அதைச் சொல்லலாம். அடுத்து என்ன செய்வது, எப்படிச் செய்வது, தோற்றால் மறுமுறை எதை மாற்றுவது என்ற முடிவுகள் பிள்ளையின் கையில் இருக்கும்போதுதான் அது விளையாட்டாகிறது, அப்போதுதான் அதிலிருந்து கற்றலும் பிறக்கிறது. ஊர் நிகழ்ச்சிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் எண்ணிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் பெற்றோரின் ஐயம் பெரும்பாலும் கணக்கைப் பற்றியதாகவே இருக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் சீக்லர், கீதா ரமணி ஆகிய இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று மிக எளிமையானது. வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நீளப் பலகையைத் தந்தார்கள். அதில் 1 முதல் 10 வரை ஒரே வரிசையில் கட்டங்கள், சுழற்றினால் 1 அல்லது 2 விழும் ஒரு சுழலி, அவ்வளவுதான். இரண்டு வாரங்களுக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடம் ஆடினார்கள். எந்த எண் பெரியது என்று சொல்வது, ஒரு கோட்டின் மேல் எண்ணின் இடத்தைக் குறிப்பது, எண்ணை அடையாளம் காண்பது, எண்ணுவது ஆகிய எல்லாவற்றிலும் அவர்கள் முன்னேறியிருந்தார்கள். ஒன்பது வாரங்கள் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் குறையவில்லை. அதே பலகையை எண்களுக்குப் பதில் நிறங்களோடு ஆடிய பிள்ளைகளிடம் இந்த வளர்ச்சி இல்லை. அடுத்த ஆண்டு கட்டங்களை வட்டமாக அமைத்து ஆடவிட்டபோதும் இதே பயன் கிடைக்கவில்லை. பகடையும் காயும் இருந்தால் போதும் கணக்கு வந்துவிடும் என்பதற்கு இந்த ஆய்வு சான்றாகாது. நேர்வரிசையில் எண் கூடக்கூடக் காய் தொலைவாகப் போகிறது, ஆடும் நேரம் கூடுகிறது, சொல்லும் எண்களின் தொகை கூடுகிறது. எண்ணின் அளவைக் கண்ணும் கையும் காதும் ஒருசேர உணர்கின்றன. பலகையின் வடிவம்தான் அங்கே பாடம் நடத்துகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு, அதைக் கவனிக்காத வகுப்புகளே மிகுதி. காய் 7-இல் நிற்கிறது, பகடையில் 2 விழுகிறது என்று வையுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் "ஒன்று, இரண்டு" என்று சொல்லிக்கொண்டே காயை நகர்த்துவார்கள். அப்படிச் சொல்லும்போது அவர்கள் பழகுவது ஒன்று, இரண்டு என்ற தெரிந்த சொற்களைத்தான். 9 என்ற கட்டத்தில் வந்து நிற்பது அவர்கள் வாயிலும் வரவில்லை, மனத்திலும் பதியவில்லை. "எட்டு, ஒன்பது" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும் என்பதை ஆட்டத்தின் விதியாக்கினால் கதையே மாறிவிடுகிறது. 100 வரையுள்ள பலகையைக் கொண்டு எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: ஒன்றிலிருந்து எண்ணி நகர்த்தியவர்களைவிட நிற்கும் எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணியவர்கள் கூடுதலாகக் கற்றார்கள். ஆட்டம் ஒன்றே, பலகை ஒன்றே. வாய்விட்டுச் சொல்லும் இரண்டு சொற்கள்தான் வேறு. ஆசிரியரின் வேலை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகக் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

பொருளுக்குள் பாடத்தை ஒளித்துவைக்கும் இந்தக் கலை புதியதன்று. 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் சிறுபிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்ட பிரீட்ரிக் ஃபுரோபல் உருவாக்கிய விளையாட்டுப் பொருள்களில் ஒன்று, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரம். பிள்ளை அதைப் பிரிக்கிறது, நாற்காலி கட்டுகிறது, சுவர் கட்டுகிறது, மீண்டும் அடுக்கிப் பெட்டிக்குள் வைக்கிறது. பாதி, கால், அரைக்கால் என்ற பின்னங்கள் அந்தக் கையசைவுக்குள்ளேயே கிடக்கின்றன. மரத்துண்டுகள் கிடைக்காவிட்டால் ஒரே அளவுள்ள எட்டுக் காலி அட்டைப் பெட்டிகள் போதும்.

எண்ணுக்குப் பலகை எப்படியோ, எழுத்துக்குப் பாவனை விளையாட்டு அப்படி. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933-இல் ஆற்றிய உரை ஒன்றில், ஐந்து வயதும் ஏழு வயதுமான இரு சகோதரிகள் 'அக்கா தங்கை விளையாட்டு' ஆடியதை எடுத்துக்காட்டாகச் சொன்னார். உண்மையிலேயே அக்காவும் தங்கையுமாக இருப்பவர்கள் அதையே விளையாட்டாக ஆடும்போது, அக்கா எப்படி நடந்துகொள்ள வேண்டும், தங்கை எப்படிப் பேச வேண்டும் என்று அன்றாட வாழ்வில் எண்ணிப்பாராத விதிகளை எண்ணிப்பார்த்து அவற்றுக்குக் கட்டுப்படுகிறார்கள். பாவனை என்றால் மனம்போன போக்கு என்று நாம் நினைக்கிறோம். பிள்ளைகள் தாமே முன்வந்து மிகக் கடுமையான ஒழுங்குக்குள் நிற்பது அங்கேதான்.

எங்கள் வகுப்பின் ஒரு மூலையில் பாவனை மருத்துவமனை ஒன்று நடந்துகொண்டிருந்தது. முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன், ஏட்டில் எழுதச் சொன்னால் பென்சிலைச் சீவிச் சீவியே நேரத்தைப் போக்குபவன், வரிசையில் நிற்போருக்குச் சீட்டு எழுதித் தரும் வேலையைத் தானே கேட்டு எடுத்துக்கொண்டான். 12-ஆம் சீட்டு வாங்கியவள் அழைக்கப்படவே இல்லை. அவளுடைய சீட்டில் அவன் 21 என்று எழுதியிருந்தான். வரிசையில் சண்டை மூண்டது. மருத்துவர், அதாவது மூன்றாம் வகுப்புச் சிறுமி, சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பத்து முதலில் வரணும், அப்புறம்தான் இரண்டு" என்று சொல்லி அதை அவனிடமே கொடுத்தனுப்பினாள். மறுநாள் அவன் எழுதிய சீட்டுகளில் எல்லாம் பத்துக்குரிய இலக்கத்தின் கீழே ஒரு சின்னப் புள்ளி இருந்தது. அந்தப் புள்ளியை யாரும் சொல்லித்தரவில்லை. மறந்துவிடாமல் இருக்க அவனே கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. இடமதிப்பைக் கரும்பலகையில் நான் மூன்று நாள் விளக்கியிருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்த விளக்கம் வீண் என்று நான் சொல்லமாட்டேன், அதற்கு ஒரு தேவை பிறந்தது சண்டையின்போதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விளையாட்டே எல்லாவற்றையும் கற்றுத்தந்துவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு மனிதர்கள் வகுத்துவைத்த ஏற்பாடு. 'ழ' என்ற வடிவத்துக்கு அந்த ஒலி ஏன் என்று எந்தப் பிள்ளையும் விளையாடிக் கண்டுபிடிக்க முடியாது. யாராவது சொல்லித்தர வேண்டும், திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். கூட்டலில் பத்தைக் கடத்துவதும் அப்படித்தான். நேரடியாகக் கற்பிக்க வேண்டியதை நேரடியாகக் கற்பியுங்கள். கற்றதைப் பயன்படுத்தவும், சோதித்துப் பார்க்கவும், தவறு செய்து திருத்திக்கொள்ளவும் விளையாட்டு இடம் தருகிறது. இந்த வேறுபாட்டைக் குழப்பிக்கொள்ளும் பள்ளிகளில் பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், ஆனால் மூன்றாம் வகுப்பிலும் வாசிப்பதில்லை. பெற்றோரின் கோபத்தில் அப்போது நியாயம் இருக்கிறது.

உங்களைப் போன்ற இரண்டு ஆசிரியர் பள்ளிக்கு விளையாட்டு எவ்வளவு இன்றியமையாதது என்பதும் இந்த வேறுபாட்டிலிருந்தே விளங்கும். நீங்கள் முதல் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் நடத்துகிறீர்கள் என்று கொள்வோம். முதல் வகுப்புக்கு எழுத்தைச் சொல்லித்தரும் அந்த 25 நிமிடமும் மற்ற இரண்டு வகுப்புகளும் என்ன செய்யும்? வழக்கமான விடை, "பாடத்தைப் பார்த்து எழுதுங்கள்" என்பது. பார்த்து எழுதும் பிள்ளை ஐந்தாவது நிமிடத்தில் அடுத்தவனைக் கிள்ளுகிறது, பத்தாவது நிமிடத்தில் தண்ணீர் குடிக்கக் கேட்கிறது, நீங்கள் எழுத்தை விட்டுவிட்டு அங்கே ஓடுகிறீர்கள். எண் பலகையில் இருக்கும் நான்கு பேருக்கோ உங்கள் உதவி தேவையில்லை. விதிதான் அவர்களுடைய ஆசிரியர். வகுப்புக்கொரு ஆசிரியர் இருக்கும் பெரிய பள்ளியில் விளையாட்டு விரும்பினால் வைத்துக்கொள்ளும் ஒன்று. பல வகுப்புகளை ஒருசேர நடத்தும் பள்ளியில், நேரடிக் கற்பித்தல் ஒழுங்காக நடப்பதற்கே விளையாட்டு வேண்டியிருக்கிறது. இந்த வாதத்தை மேலதிகாரிகளிடமும் தயங்காமல் சொல்லுங்கள்.

விளையாட்டு தானாக நடக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பதிவேட்டை நிரப்பப் போய்விடக் கூடாது. நாளுக்கு ஒரு மூலையை, பத்தே நிமிடம், ஒன்றும் பேசாமல் பாருங்கள். ஒரு குறிப்பேட்டில் மூன்று வரி எழுதுங்கள். "ஒன்றிலிருந்தே எண்ணுகிறாள், 5-க்கு மேல் கட்டத்தைத் தொட்டுச் சொல்கிறாள்", "தோற்றால் பலகையைக் கலைக்கிறான்", "விதியை எல்லோருக்கும் விளக்கினான், முழு வாக்கியம்" என்ற அளவில் போதும். ஒரு மாதம் கழித்து அந்தக் குறிப்பேடு தேர்வுத்தாளைவிட மிகுதியாகச் சொல்லும். எப்போது குறுக்கிடுவது என்று கேட்பீர்கள். உடலுக்கு ஆபத்து என்றாலோ, ஒரு பிள்ளையை மற்றவர்கள் திரும்பத் திரும்ப ஒதுக்கினாலோ உடனே தலையிட வேண்டும். ஆட்டம் நின்றுபோய் யாருக்கும் அடுத்தது தெரியவில்லை என்றால் ஒரு கேள்வியோடு நுழைந்து விலகிவிடலாம். விதியைப் பற்றிய சண்டை என்றால் பொறுத்திருப்பது நல்லது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932-இல் வெளியிட்ட நூலில், கோலி ஆடும் பிள்ளைகளிடம் விதிகளைப் பற்றி விசாரித்தவற்றை விவரித்திருக்கிறார். விதி என்பது பெரியவர்களிடமிருந்து வந்தது, தொடக்கூடாதது என்று சிறியவர்கள் நினைத்தார்கள். ஆடுபவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்று மூத்தவர்கள் அறிந்திருந்தார்கள். ஒரு நிலையிலிருந்து மற்றதற்குப் போகும் வழி அந்தச் சண்டைகளின் ஊடாகத்தான் செல்கிறது. நீங்கள் ஓடிப்போய்த் தீர்ப்பு சொன்னால் வழி அடைபட்டுவிடும்.

பெற்றோருக்கு என்ன சொல்வது? சொல்லாதீர்கள், ஆடவிடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் விளையாட்டின் பயன்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி நான் அடைந்த பலன் ஒன்றுமில்லை. எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய் மறுநாளே வீட்டுப்பாடம் ஏன் இல்லை என்று கேட்டார்கள். அடுத்த கூட்டத்தில் பாயை விரித்துப் பலகைகளைப் போட்டு, ஒவ்வொருவரும் தம் பிள்ளையோடு இரண்டு ஆட்டம் ஆட வேண்டும் என்றேன். தன் மகள் 7-இலிருந்து தொடராமல் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணுவதை ஒரு தாய் பார்த்தார். "இவளுக்கு நூறு வரை தெரியும் என்று நினைத்திருந்தேனே, சார்" என்றார். ஒப்பிக்கத் தெரிந்ததற்கும் எண்ணின் அளவு தெரிந்ததற்கும் உள்ள இடைவெளி, என் சொற்பொழிவில் தெரியாதது, அந்தப் பாயில் தெரிந்தது. விளையாடும் உரிமை 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் 31-ஆம் பிரிவாக இருக்கிறது என்பதையும் சொல்லலாம். ஆனால் எந்தப் பெற்றோரும் உடன்படிக்கையைக் கேட்டு மனம் மாறி நான் பார்த்ததில்லை.

இனி ஊரோடு சேர்ந்த செயல்பாடுகள். பாடவேளை கரைகிறது என்ற உங்கள் குறை உண்மையானதே. ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் ஒத்திகை நடக்கிறது. நடன அசைவு, உடையின் நிறம், யார் முன்வரிசை, யார் பின்வரிசை என்று அனைத்தையும் பெரியவர்களே தீர்மானிக்கிறார்கள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வர, பிள்ளைகள் கையில் பூத்தட்டோடு நிற்கிறார்கள். ரோஜர் ஹார்ட் என்பவர் யுனிசெஃப் அமைப்புக்காக 1992-இல் எழுதிய கட்டுரையில், பிள்ளைகள் பங்கேற்பதை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அடியிலுள்ள மூன்று படிகளான கையாளுதல், அலங்காரம், பெயரளவு இடம் ஆகியவற்றைப் பங்கேற்பே அன்று என்று அவர் ஒதுக்கினார். நம் விழாக்களில் பெரும்பாலானவை இரண்டாவது படியைத் தாண்டுவதில்லை. விழாவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் மேடை ஏறுவதில் ஒரு துணிவு வளரத்தான் செய்கிறது. அதை ஊர்ப்பணி என்ற கணக்கில் எழுதிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

ஊரோடு சேர்ந்து செய்யும் ஒரு செயல் பாடமாக வேண்டுமானால், பிள்ளைகள் செய்து முடிப்பதை எதிர்பார்த்து வெளியே யாரேனும் ஒருவர் உண்மையாகவே காத்திருக்க வேண்டும். செலஸ்தான் ஃபிரனே என்ற பிரெஞ்சு ஆசிரியர் 1920-இல் பார்-சுர்-லூ என்ற சிற்றூரின் பள்ளியில் சேர்ந்தபோது, முதல் உலகப்போரில் நுரையீரலில் பட்ட காயத்தால் நீண்ட நேரம் உரக்கப் பேசிக் கற்பிக்க அவரால் முடியவில்லை. பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று கைவினைஞர்களின் வேலையைப் பார்க்கச் செய்தார். திரும்பி வந்து பார்த்ததை எழுதச் செய்தார். அப்படி எழுதியதைப் பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சிட வகுப்பறைக்குள் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அச்சிட்ட தாள்கள் வேறோர் ஊரிலுள்ள பள்ளிக்குப் போயின, அங்கிருந்தும் தாள்கள் வந்தன. எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்தத் தேவையில்லாமல் போனது. முகம் தெரியாத ஒரு பள்ளி அதைப் படிக்கப் போகிறது என்பதே போதுமானதாக இருந்தது. இன்று அச்சு இயந்திரம் வேண்டாம், அஞ்சலுறையும் அஞ்சல்தலையும் போதும். தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினாலும் சரிதான், ஆனால் கையால் எழுதிய கடிதத்துக்காகக் காத்திருக்கும் பத்து நாள்களில் பிள்ளைகளிடம் காணும் பரபரப்பு அதில் இருக்காது.

கொலம்பியாவில் 1970-களின் நடுவில், பல வகுப்புகளை ஓரிரு ஆசிரியர்களே நடத்தும் கிராமப் பள்ளிகளுக்கென்று உருவான 'எஸ்குவேலா நுவேவா' என்ற முறையிலும் உங்களுக்குப் பயன்படும் ஒன்று உண்டு. அங்கே பிள்ளைகளும் குடும்பங்களும் சேர்ந்து ஊரின் வரைபடத்தையும், எந்த மாதத்தில் என்ன வேளாண் வேலை நடக்கிறது என்ற நாட்காட்டியையும் தயாரிக்கிறார்கள். அவை வகுப்புச் சுவரில் பாடப்பொருளாக நிற்கின்றன. அமெரிக்காவின் டூசான் நகரில் கல்வி ஆய்வாளர் லூயிஸ் மோலும் உடன் பணியாற்றியவர்களும் வேறு கோணத்தில் அணுகினார்கள். 1992-இல் அவர்கள் எழுதிய கட்டுரையின்படி, ஆசிரியர்கள் மாணவர்களின் வீடுகளுக்குக் கற்பிப்பவர்களாகப் போகாமல் கேட்டறிபவர்களாகப் போனார்கள். எந்தக் குடும்பத்துக்கு என்ன தொழில் தெரியும், என்ன கைத்திறன் உண்டு என்று குறித்துவந்தார்கள். ஒரு மாணவன் மிட்டாய் விற்பது தெரிந்து, அதையே கணக்கும் அறிவியலும் கலந்த பாடமாக்கி, ஒரு தாயை வகுப்புக்கு அழைத்து மிட்டாய் செய்யக் கற்றுத்தரச் சொன்னார்கள். அன்று அந்த வகுப்பில் ஆசிரியர் அந்தத் தாய்தான்.

ஊரிலிருந்து யாரையேனும் அழைக்கும்போது உரையாற்ற மட்டும் சொல்லாதீர்கள். தச்சர் வந்தால் தச்சு வேலை செய்யட்டும். செவிலியர் வந்தால் நாடி பார்க்கட்டும், பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் பார்க்கட்டும். முந்தைய நாளே பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வி எழுதி வைத்திருக்க வேண்டும், விருந்தினர் எதில் தொடங்குவது என்பதை அந்தக் கேள்விகள் தீர்மானிக்க வேண்டும். வெளியாள் யாராக இருந்தாலும் பிள்ளைகளோடு தனியே விடப்படக் கூடாது என்பது ஊர்ப்பெரியவர் முதல் எல்லோருக்கும் பொதுவான விதியாக இருக்கட்டும். ஆளுக்கு ஆள் மாறாத விதி யாரையும் புண்படுத்தாது.

எங்கள் பள்ளி வளாகத்தில் ஒரு குழாய் நூல்போல ஒழுகிக்கொண்டிருந்தது. பலமுறை சொல்லியும் அதை யாரும் சரிசெய்யவில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருவன் "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் போகும், சார்?" என்று கேட்டதிலிருந்து வேலை தொடங்கியது. ஒரு லிட்டர் பாட்டிலை அடியில் வைத்து நிரம்புவதற்கு ஆகும் நேரத்தை மூன்றாம் வகுப்பு குறித்தது: 20 நிமிடம். நிரம்பிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு கூழாங்கல்லைத் திண்ணையில் வைப்பது முதல் வகுப்பின் பொறுப்பு. காலை 10 மணி முதல் மாலை 3 மணி வரை அவர்கள் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. ஐந்தாம் வகுப்பு கணக்குப் போட்டு, உள்ளாட்சி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியது. நாளொன்றுக்கு 720 லிட்டர் வீணாவதாக அதில் இருந்தது. நான் திருத்தவில்லை. கடிதத்தை எல்லோர் முன்னிலையிலும் வாசித்தபோது, ஒரு மணி நேரத்துக்கு 30 பாட்டில் என்ற வரியில் இரண்டாம் வகுப்புச் சிறுமி எழுந்து, "கல்லே மொத்தம் பதினைந்துதானே இருக்கு" என்றாள். திண்ணைக்குப் போய் எண்ணிப் பார்த்தார்கள். ஐந்து மணி நேரத்துக்குப் பதினைந்து கல், அப்படியானால் மணிக்கு மூன்று. 60-ஐ 20-ஆல் வகுக்கும்போது ஒரு சுழியம் தவறுதலாக ஒட்டிக்கொண்டதைப் பெரியவர்கள் கண்டுபிடித்தார்கள். 72 லிட்டர் என்று கடிதம் மறுபடி எழுதப்பட்டது. ஆறு வாரம் கழித்து ஒருவர் கருவிப்பையோடு வந்தார். தேய்ந்த வாஷரைக் கழற்றி பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கணக்கு அலமாரியில் வைத்திருந்தோம்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடையில் பாதி இதற்குள் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பின் கணக்கை இரண்டாம் வகுப்புப் பிள்ளை திருத்துவது, வகுப்புக்கு நாற்பது பேரும் தனித்தனி அறைகளும் உள்ள பள்ளியில் நடக்க வாய்ப்பில்லை. சிறிய பள்ளியில் விதிகளை மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கடத்துகிறார்கள், கடத்தும்போதே தங்களுக்கும் தெளிவாகிறது. எந்த வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. டூசானில் வீடு வீடாகச் சென்று திரட்டிய செய்தி உங்களுக்கு மாலை நேரப் பேச்சிலேயே கிடைத்துவிடும்.

இடையூறுகளும் உண்டு, அவற்றை மறைக்க விரும்பவில்லை. சில வேளைகளில் ஒரே வயதில் இரண்டே பேர் இருப்பார்கள். அவர்களுக்குள் பிணக்கு வந்தால் வேறு தோழமை கிடையாது. மருத்துவமனையில் எப்போதும் ஒருத்தியே மருத்துவர், ஒருவனே நோயாளி என்று வேடங்கள் இறுகிப்போகும், ஆண்டுக்கணக்கில் மாறாது. அதனால் வேடத்தை வாரம் ஒருமுறை சீட்டுக் குலுக்கி மாற்றும் வழக்கத்தை வைத்தேன். பணிகளிலும் இதே தேக்கம் வரும். பெருக்குவது பெண்பிள்ளைகள், பலகை தூக்குவது ஆண்பிள்ளைகள் என்று அமைந்துவிட்டால் அதை உடனே கலைத்துப்போடுங்கள். பணிப்பட்டியலைப் பிள்ளைகளே தயாரிக்கட்டும், எல்லாப் பெயரும் எல்லாப் பணியிலும் சுற்றி வர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. குழுவாக ஆடும் ஆட்டங்களுக்கு ஆள் போதாது என்பதற்கு, மாதம் ஒருமுறை பக்கத்திலுள்ள மற்றொரு சிறிய பள்ளியோடு சேர்ந்து ஆடுவதுதான் தீர்வு. ஃபிரனேயின் கடிதப் பரிமாற்றத்தையும் அந்தப் பள்ளியோடே தொடங்கினால், முதல்முறை சந்திக்கும்போது பிள்ளைகள் ஒருவரையொருவர் கையெழுத்தால் அறிந்திருப்பார்கள்.

முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம். தடித்த அட்டையில் ஓர் எண் பலகையும், ஒரு பாவனை மூலையும் இருக்கட்டும். மூலை மருத்துவமனையா, அஞ்சலகமா, பேருந்தா என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். ஊர்ப்பணியை நீங்கள் தேடிப்போக வேண்டியதில்லை, "ஏன் சார் இது இப்படி இருக்கு?" என்று ஏதேனும் ஒரு பிள்ளை கேட்கும் நாளில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சில கேள்விகள் இரண்டு நாளில் ஓய்ந்துவிடும், அவற்றை இழுத்துப் பிடிக்க வேண்டாம். மூன்றாம் நாளும் யாராவது அதையே கேட்டால், பாட்டிலையும் கூழாங்கல்லையும் எடுத்து வைக்கலாம்.